இரண்டு ஆய்வேடுகள், ஒரு பட்டம்

இவ்வாண்டிதழுக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி பேரவைத் தம்பி ஒருவர் கேட்டபோது, முனைவர் பட்ட ஆய்விலிருந்து விலகுவதற்கான படிவம் என் மேசை இழுப்பறையில் இருந்தது. எல்லாக் கட்டங்களையும் நிரப்பியிருந்தேன். கையொப்பம் ஒன்றுதான் பாக்கி.

நான் வணிக நிர்வாகத் துறையில் பகுதிநேர ஆய்வு மாணவி. தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஏன் ஓராண்டுக்குள் வேலையை விட்டுப் போய்விடுகிறார்கள் என்பதே என் ஆய்வுப் பொருள். ஒரு தொழிற்சாலையின் அனுமதி பெற்று ஏறக்குறைய ஈராண்டு காலம் அங்கே நேர்காணல்களும் கருத்தாய்வுகளும் செய்தேன். பிறகு அங்கே நிர்வாகம் மாறியது. புதிதாக வந்தவர்கள் அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதுவரை திரட்டிய எதையும் பயன்படுத்தக் கூடாது என்று நான்கு வரியில் ஒரு கடிதம் வந்தது. மூன்று அத்தியாயங்கள் முடிந்திருந்தன. நான்காம் அத்தியாயத்தில் எழுதுவதற்கு ஒன்றுமே இல்லை. வேறு நிறுவனத்தில் முதலிலிருந்து தொடங்கலாம் என்றார் என் மேற்பார்வையாளர். அந்த ‘முதலிலிருந்து’ என்ற சொல்லைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. பகலில் அலுவலகம், மாலையில் இரண்டு வயது மகள், இரவு பத்து மணிக்குமேல் ஆய்வு என்று ஓடிய ஆண்டுகள் வீணாகிவிட்டன என்றே எண்ணினேன்.

நிர்வாகத் துறையில் முத்திரை பதித்த ஒருவரின் வாழ்க்கையை எழுதுங்கள் அக்கா என்று தம்பி சொல்லியிருந்தார். என் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தைப் புரட்டினேன். அங்கே கில்பிரெத், எல். எம்., 1914 என்று ஒரு மேற்கோள் குறிப்பு. யார் இவர் என்று நான் அதுவரை தேடிப் பார்த்ததில்லை. யாரோ ஓர் அமெரிக்க ஆண் பொறியியலாளர் என்று எண்ணியிருந்தேன். தேடிப் பார்த்தபின் வெட்கப்பட்டேன். அவர் ஒரு பெண்மணி. பன்னிரண்டு குழந்தைகளைப் பெற்ற தாய். ஒரு பட்டத்துக்காக இரண்டு ஆய்வேடுகள் எழுதியவர். லில்லியன் மோலர் கில்பிரெத் என்னும் அந்த அம்மையாரின் வாழ்க்கையைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கூச்சம் மிகுந்த சிறுமி

லில்லியன் அம்மையார் 1878ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஓக்லாந்து நகரில் பிறந்தார். ஜெர்மானிய வழிவந்த வசதியான குடும்பம். தந்தையார் கட்டுமானப் பொருள் வணிகர். வீட்டில் உயிருடன் வளர்ந்த ஒன்பது பிள்ளைகளில் இவரே மூத்தவர். ஆகவே தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு சிறு வயதிலேயே இவர்மீது விழுந்தது. மனிதர்களைக் கண்டால் ஒதுங்கிக்கொள்ளும் அளவுக்குக் கூச்ச சுபாவம் உடையவராம். அதனால் ஒன்பது வயதுவரை வீட்டிலேயே பாடம் படித்தார்.

பெண்பிள்ளை கல்லூரிக்குப் போக வேண்டிய அவசியமில்லை என்பதே அவருடைய தந்தையாரின் கருத்து. லில்லியன் விடாமல் கேட்டு, அருகிலிருந்த பெர்க்லி நகரில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். வீட்டு வேலைகளையும் பார்த்துக்கொண்டே படித்து, 1900ஆம் ஆண்டு ஆங்கில இலக்கியத்தில் இளங்கலைப் பட்டம் பெற்றார். அவ்வாண்டுப் பட்டமளிப்பு விழாவில் மாணவர் சார்பில் உரையாற்றும் வாய்ப்பும் அவருக்கே கிடைத்தது. அப்பல்கலைக்கழகத்தில் அந்த மேடையில் ஏறிய முதல் பெண் அவர்தாம்.

முதுகலைப் படிப்புக்காக நியூயார்க்கில் உள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அவர் யாரிடம் இலக்கியம் பயில விரும்பினாரோ அந்தப் பேராசிரியர் பெண்களை மாணவராக ஏற்பதில்லை. எனவே உளவியல் அறிஞர் எட்வர்ட் தார்ண்டைக் அவர்களின் வகுப்புகளுக்குப் போனார். உடல்நலம் குன்றியதால் விரைவிலேயே ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. ஆனால் அந்தச் சில மாதங்களில் மனத்தில் விழுந்த உளவியல் என்னும் விதை பிற்காலத்தில் அவருடைய துறையையே மாற்றியது. 1902இல் பெர்க்லியிலேயே இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, முனைவர் பட்ட ஆய்வையும் தொடங்கினார்.

செங்கல்லும் உளவியலும்

1903ஆம் ஆண்டு ஐரோப்பியச் சுற்றுலாவுக்குக் கப்பலேறும் முன் பாஸ்டன் நகரில் தங்கியபோது ஃபிராங்க் கில்பிரெத் என்பவரைச் சந்தித்தார். ஃபிராங்க் கல்லூரிக்குப் போனவர் அல்லர். கொத்தனார் வேலை கற்று, படிப்படியாக உயர்ந்து, சொந்தமாகக் கட்டுமான நிறுவனம் நடத்தி வந்தவர். வேலை கற்ற காலத்தில், ஒவ்வொரு கொத்தனாரும் ஒவ்வொரு விதமாகச் செங்கல் அடுக்குவதைக் கவனித்தார். ஒரே ஆள்கூட அவசரத்தில் ஒரு விதமாகவும், மெதுவாகச் செய்யும்போது வேறு விதமாகவும், பிறருக்குக் கற்றுத்தரும்போது மற்றொரு விதமாகவும் அடுக்குவதைக் கண்டு வியந்தார். இவற்றுள் எது சிறந்தது என்ற கேள்வியே அவருடைய வாழ்நாள் தேடலாயிற்று. கொத்தனார் குனியத் தேவையில்லாதபடி சாரத்தையும் செங்கல் தட்டையும் உயர்த்தினார்; ஒரு செங்கல்லை வைக்கத் தேவைப்பட்ட 18 அசைவுகளை ஏறத்தாழ ஐந்தாகக் குறைத்தார்.

1904ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இருவருக்கும் திருமணம் நடந்தது. இலக்கியம் படித்த மணமகள், கொத்தனாராகத் தொடங்கிய மணமகன். இருவருக்கும் பொதுவான துறை எது என்று பேசி, லில்லியன் தம் முனைவர் ஆய்வை இலக்கியத்திலிருந்து உளவியலுக்கு மாற்றிக்கொண்டார்.

அக்காலத்தில் நிர்வாகம் என்பது பல்கலைக்கழகப் பாடமாக வேரூன்றியிருக்கவில்லை. பென்சில்வேனியாவின் வார்ட்டன் வணிகப் பள்ளி 1881இலும் ஹார்வர்ட் வணிகப் பள்ளி 1908இலும் தொடங்கப்பட்டவை. சிகாகோப் பல்கலைக்கழகம் வணிகத் துறைக்கென முனைவர் பட்டப் படிப்பைத் தொடங்கியது 1920இல்தான். தொழிற்சாலைகளில் பரபரப்பாகப் பேசப்பட்டவர் பிரெடரிக் டெய்லர். கையில் நிறுத்தற் கடிகாரத்தோடு ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரத்தை அளந்து, வேலையை விரைவுபடுத்தும் முறையை அவர் வகுத்தார். 1911இல் வெளிவந்த அவருடைய நூலை நிர்வாகம் படிக்கும் மாணவர் எவரும் அறிவர். அந்த முறையில் நேரம் இருந்தது, கூலி இருந்தது, கருவி இருந்தது. வேலை செய்பவரின் மனம் எங்கே என்று கேட்டவர் லில்லியன் அம்மையார். அந்தக் கேள்விதான் அவருடைய ஆய்வேடு.

கிடைக்காத பட்டம்

1911இல் ஆய்வேட்டை எழுதி முடித்தபோது அவருக்கு ஐந்து குழந்தைகள். தொழிலாளியின் தனித்தன்மை, வேலையை அளத்தல், கற்பித்தல், ஊக்கம், நலன் எனப் பல தலைப்புகளில் நிர்வாகத்தை உளவியல் நோக்கில் ஆராய்ந்திருந்தார். மரபு வழி நிர்வாகம், இடைநிலை நிர்வாகம், அறிவியல் நிர்வாகம் என மூன்றாகப் பகுத்து, ஒவ்வொன்றும் மனிதனை எப்படி நடத்துகிறது என்று ஒப்பிட்டிருந்தார்.

பெர்க்லிப் பல்கலைக்கழகம் ஆய்வேட்டை ஏற்றது, பட்டத்தை வழங்கவில்லை. காரணம், வளாகத்தில் ஓராண்டு தங்கிப் படித்திருக்க வேண்டும் என்ற விதி. தமக்கு விலக்கு அளிக்கப்படும் என்று அவர் நம்பியிருந்தார். அது நடக்கவில்லை. நாட்டின் கிழக்குக் கரையில் கணவர், கைக்குழந்தைகள், தொழில். மேற்குக் கரையில் பல்கலைக்கழகம். ஓராண்டு அங்கே போய்த் தங்குவது இயலாத காரியம்.

அத்தோடு துயரம் நிற்கவில்லை. 1912இல், ஐந்தே வயதான இரண்டாம் மகள் மேரி தொண்டை அடைப்பான் நோயால் இறந்துபோனாள். இந்த இடத்தைப் படித்தபோது, என் நான்கு வரிக் கடிதத்தை நினைத்து நான் அழுத அழுகை எவ்வளவு சிறியது என்று உணர்ந்தேன்.

எழுதியது வீணாகிவிடக் கூடாது என்று அம்மையார் நினைத்தார். ஆய்வேடு 1912 முதல் ஒரு பொறியியல் இதழில் தொடராக வந்தது. 1914இல் ‘நிர்வாகத்தின் உளவியல்’ என்ற பொருள்படும் பெயரில் நூலாகவும் வெளிவந்தது. எழுதியவர் பெண் என்று தெரிந்தால் நூல் விலைபோகாது என்று பதிப்பகம் அஞ்சியது. அதனால் எல். எம். கில்பிரெத் என்று முதலெழுத்துகள் மட்டுமே அட்டையில் இடம்பெற்றன. பதிப்பகத்தாரின் அந்த ஏற்பாட்டில் ஏறக்குறைய நூறாண்டு கழித்து, கடல் கடந்து, நானும் ஏமாந்திருக்கிறேன்.

இரண்டாம் ஆய்வேடு

1912இல் குடும்பம் ரோட் தீவு மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கிருந்த ஒரு தொழிற்சாலையைச் சீரமைக்கும் பணி ஃபிராங்க் அவர்களுக்குக் கிடைத்திருந்தது. அதே ஊரில் பிராவ்ன் பல்கலைக்கழகம் இருந்தது. லில்லியன் அம்மையார் அங்கே மாணவியாகச் சேர்ந்தார். முன்பு எழுதிய ஆய்வேட்டையே மீண்டும் கொடுக்கவில்லை. புதிய பொருளை எடுத்துக்கொண்டார். தொழிற்சாலையில் பயன்பட்ட முறைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுசென்று, ஆசிரியர்களின் பணியில் வீணாகும் உழைப்பை எப்படிக் குறைப்பது என்று ஆராய்ந்தார். 1915ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றார். அதற்குள் ஏழு குழந்தைகளைப் பெற்று, ஒன்றைப் பறிகொடுத்திருந்தார். தொழில்சார் உளவியலில் வழங்கப்பட்ட முதல் முனைவர் பட்டங்களுள் ஒன்றாக அது இன்று மதிக்கப்படுகிறது.

அவர் தனியொருவராக எல்லாவற்றையும் சுமந்தார் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். ஃபிராங்கின் தாயார் அந்த வீட்டிலேயே இருந்து குடும்பத்தைக் கவனித்துக்கொண்டார். சமையலுக்கும் மற்ற வேலைகளுக்கும் ஆட்கள் இருந்தார்கள். மனைவி பட்டம் பெற வேண்டும் என்பதில் கணவர் முனைப்பாக இருந்தார். என் மாமியார் என் மகளைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போகும் மாலைகளில்தான் நான் மூன்று அத்தியாயங்களையும் எழுதினேன். படிக்கும் பெண்ணின் பின்னால் வீட்டில் யாராவது ஒருவர் நிற்க வேண்டியிருக்கிறது. அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான்.

பட்டம் பெற்றபின் கணவனும் மனைவியுமாகச் செய்த பணிகள் பல. வேலை செய்பவரைத் திரைப்படக் கருவியால் படம்பிடித்து, படத்திலேயே கடிகாரமும் தெரியும்படி வைத்து, கையின் ஒவ்வொரு அசைவையும் நொடியின் சிறு பகுதியளவில் ஆராய்ந்தார்கள். தேடுதல், எடுத்தல், பிடித்தல், வைத்தல் என்று அசைவுகளை அடிப்படை அலகுகளாகப் பிரித்தார்கள். அந்த அலகுக்குத் தெர்பிலிக் என்று பெயர். கில்பிரெத் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைப் பின்னாலிருந்து படித்தால் கிட்டத்தட்ட அந்தச் சொல் வரும். 1916இல் தொழிலாளர் களைப்பைப் பற்றியும், 1920இல் உடற்குறை உற்றோருக்கு ஏற்ற வேலைமுறை பற்றியும் நூல்கள் எழுதினார்கள். இருக்கையின் உயரம், வெளிச்சம், இடைவேளை ஆகியவை தொழிலாளிக்குக் காட்டும் சலுகை அல்ல, வேலையின் ஒரு பகுதியே என்பது அவர்களுடைய வாதம்.

இத்தகைய ஆய்வுகளைத் தொழிற்சங்கங்கள் ஐயத்தோடுதான் பார்த்தன. அசைவைக் குறைத்து, மிச்சமான நேரத்தில் இன்னும் கூடுதலாக வேலை வாங்குவார்களோ என்று தொழிலாளர்கள் அஞ்சினார்கள். பல இடங்களில் அப்படி நடக்கவும் செய்தது. நிர்வாக ஆய்வு செய்யும் நாம் மறக்கக்கூடாத செய்தி இது.

தனித்து நின்ற காலம்

1924ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள், நியூ ஜெர்சி மாநிலத்தின் மான்ட்கிளேர் இரயில் நிலையத்திலிருந்து ஃபிராங்க் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பால் சரிந்து இறந்துபோனார். அவருக்கு வயது 55. மூத்த மகளுக்குப் பதினெட்டு வயது, கடைக்குட்டிக்கு இரண்டு வயது. பதினொரு பிள்ளைகளோடு அம்மையார் தனித்து நின்றார்.

லண்டனிலும் பிராக் நகரிலும் நடக்கவிருந்த மாநாடுகளில் ஃபிராங்க் கலந்துகொள்வதாக இருந்தது. கணவர் இறந்த சில நாள்களிலேயே லில்லியன் அம்மையார் அவருடைய இடத்தில் கப்பலேறினார். கல்நெஞ்சம் என்று சிலர் நினைத்திருக்கக்கூடும். ஆனால் தொழில் நின்றுவிட்டால் பதினொரு பிள்ளைகளுக்கும் சோறு இல்லை என்பதை அவர் அறிந்திருந்தார்.

திரும்பி வந்தபோது, பல நிறுவனங்கள் ஒப்பந்தங்களைப் புதுப்பிக்க மறுத்தன. அத்தனை ஆண்டுகள் கூடவே உழைத்திருந்தாலும், பொறியியல் ஆலோசனையை ஒரு பெண்ணிடம் பெற அவர்கள் விரும்பவில்லை. அம்மையார் தம் வீட்டையே வகுப்பறையாக்கினார். நிறுவனங்கள் அனுப்பிய ஊழியர்களுக்கு அங்கே அசைவு ஆய்வைக் கற்றுக்கொடுத்தார். பெண்ணிடம் ஆலோசனை கேட்கத் தயங்கியவர்கள், முனைவர் பட்டம் பெற்ற ஆசிரியரிடம் தம் ஊழியர்களைக் கற்றுக்கொள்ள அனுப்பத் தயங்கவில்லை. இரண்டு முறை எழுதிப் பெற்ற அந்தப் பட்டம் அப்போதுதான் சோறு போட்டது.

நியூயார்க்கின் மேசிஸ் பேரங்காடியில் விற்பனைப் பெண்களின் வேலைச்சூழலை ஆராய்ந்தார். பெண் என்பதால் ஆலை வாசலில் தடுத்தார்களா, அப்படியானால் பெண்களின் வேலைக்களமான சமையலறையை ஆராய்வோம் என்று அங்கே சென்றார். அடுப்பு, தொட்டி, மேசை ஆகியவற்றின் உயரத்தை முடிவு செய்ய நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் கருத்துக் கேட்டார். 1929இல் புரூக்ளின் எரிவாயு நிறுவனம் ஒன்றுக்காக அவர் அமைத்த மாதிரிச் சமையலறையில், ஒரு பண்டத்தைச் செய்ய நடக்கும் தூரம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறைந்ததாகக் கணக்கிட்டார்கள். காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத்தொட்டியும், குளிர்பதனப் பெட்டிக் கதவின் உள்தட்டுகளும் அவருடைய பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுபவை. இதில் வேடிக்கை என்னவென்றால், அம்மையாருக்குச் சமையல் சரியாக வராது என்று அவருடைய பிள்ளைகளே எழுதியிருக்கிறார்கள்.

பேராசிரியரும் பாட்டியும்

1935ஆம் ஆண்டு இந்தியானா மாநிலத்தின் பர்டியூப் பல்கலைக்கழகம் அவரை நிர்வாகப் பேராசிரியராக நியமித்தது. அங்கே பொறியியல் புலத்தின் முதல் பெண் பேராசிரியர் அவரே. பெண் மாணவரை ஏற்காத பேராசிரியரைப் பார்க்கப்போய் ஏமாந்த அதே லில்லியன், அப்போது வயது 57. எழுபது வயதில், 1948இல் ஓய்வுபெற்றார். உரையாற்றுவதையும் பயணம் செய்வதையும் நிறுத்தவில்லை. 1965இல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் ஆனார். 1966இல் பொறியாளர்களுக்கான ஹூவர் பதக்கத்தைப் பெற்ற முதல் பெண்ணும் அவரே. பதினொரு பிள்ளைகளையும் கல்லூரிக்கு அனுப்பிவைத்தார்.

அந்தக் குடும்பத்தின் கதையை 1948இல் இரண்டு பிள்ளைகள் நகைச்சுவை நூலாக எழுதினார்கள். 1950இல் அது திரைப்படமாயிற்று. ‘சீப்பர் பை த டசன்’ என்ற அந்தப் பெயரில் 2003இல் வந்த படத்தை நம்மில் பலர் பார்த்துச் சிரித்திருப்போம். அதில் இவர்களுடைய உண்மைக் கதை இல்லை, பெயர் மட்டுமே எஞ்சியது. மேரி இறந்துவிட்டதால், பன்னிரண்டு பிள்ளைகளும் அந்த வீட்டில் ஒன்றாக இருந்த நாள் ஒன்றுகூட இல்லை.

1972ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள், தமது 93ஆம் வயதில் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் அம்மையார் காலமானார். 1984இல் அமெரிக்க அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

வணிகத்திலும் நிர்வாகத்திலும் முனைவர் பட்டம் படிக்க விரும்பும் தம்பி தங்கையர் என்னிடம் கேட்பதெல்லாம் எத்தனை ஆண்டு ஆகும், எவ்வளவு செலவாகும், சம்பளம் உயருமா என்பவைதாம். தவறான கேள்விகள் அல்ல. ஆனால் அவற்றோடு இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். எழுதிய அத்தனையும் கையைவிட்டுப் போனாலும் மீண்டும் உட்கார்ந்து விடை தேடத் தோன்றுகிற கேள்வி ஒன்று உங்களிடம் இருக்கிறதா? லில்லியன் அம்மையாரிடம் இருந்தது. ஆய்வேடு மாறியது, ஊர் மாறியது, பல்கலைக்கழகம் மாறியது. வேலை செய்யும் மனிதரின் மனம் எங்கே என்ற கேள்வி மட்டும் தொழிற்சாலையிலிருந்து பள்ளிக்கும், பள்ளியிலிருந்து சமையலறைக்கும் அவரோடு கூடவே போயிற்று.

பட்டறிவிலிருந்து இன்னும் இரண்டு செய்திகள். ஆய்வுக்கு ஒரே ஒரு நிறுவனத்தை மட்டும் நம்பாதீர்கள். அனுமதியை எழுத்தில் வாங்குங்கள், அதில் தரவு யாருக்கு உரியது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். முடித்த அத்தியாயங்களைப் பூட்டி வைக்காமல் கருத்தரங்கிலோ ஆய்விதழிலோ வெளியிட்டுவிடுங்கள். அம்மையார் பட்டம் கிடைக்காத ஆய்வேட்டைத்தான் நூலாக்கினார். இன்று நிர்வாக வரலாற்றில் பேசப்படுவது அந்த நூல்தான்.

என் இரண்டாம் ஆய்வு முன்மொழிவு சென்ற தவணையில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இம்முறை மூன்று சிறு தொழிற்சாலைகள். பொருள் பழையதுதான், தொழிலாளர்கள் ஏன் போகிறார்கள் என்பதே. முடிப்பேனா என்று இப்போது சொல்ல முடியாது. அந்த விலகல் படிவம் இன்னும் இழுப்பறையில்தான் இருக்கிறது. அதன் பின்பக்கத்தில் நேர்காணல் நாள்களைக் குறித்து வைத்திருக்கிறேன். இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு சிறு திருத்தமும் செய்துவிட்டேன். எல். எம். என்று இருந்த இடத்தில் இப்போது லில்லியன் என்று முழுப்பெயர் இருக்கிறது.